பாண் பாட்டு பாடிய மொறிஸ் மைனர்

கோவில் கொட்டிலுக்குள் பதினொரு வருஷமாகக் கோழிகளுக்கு அடைகாக்கும் இடமாயிருந்த மொறிஸ் மைனர் காரின் சாவியை ஃபாதர் ஜெரோமி எடுத்து நீட்டியபோது, இசபெல் டீச்சர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சாவியை அவர் பிடித்துவிட்டார். ஃபாதர்தான் இன்னும் விடவில்லை.

"உயிர்த்த ஞாயிறு வரைக்கும் தவணை டீச்சர்," என்றார் ஃபாதர். "அதுக்குள்ள இது தினமும் ஓடணும். ஓடி நாலு பேருக்குப் பிரயோசனமா இருக்கணும். இந்தக் காரால எனக்கு நட்டம்னு ஒரே ஒரு ஆள் வந்து எங்கிட்ட நின்னாலும், அடுத்த நிமிஷம் நுவரெலியா ஹோட்டல்காரருக்குப் போன் எடுத்துருவேன். சரியா?"

அந்த ஹோட்டல்காரர் மூன்று மாதமாக ஃபாதரின் பின்னால் அலைந்துகொண்டிருந்தார். காரைப் புல்தரையில் நிறுத்தி, பொனட்டைத் திறந்து மண்ணைக் கொட்டிப் பூச்செடி நட்டு, கலியாண ஜோடிகளைப் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் பிடிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. நல்ல விலையும் சொல்லியிருந்தார். ஓட வேண்டிய ஒன்றைப் பூத்தொட்டி ஆக்குவது ஃபாதருக்கு மனதுக்கு ஒப்பவில்லை. அதனால்தான் இந்தத் தவணை.

"சரி ஃபாதர்," என்றார் டீச்சர். சாவி கைக்கு வந்தது.

இசபெல் டீச்சருக்குக் கார் ஆடம்பரத்துக்கல்ல. அவர் விஞ்ஞானம் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவில் இருந்தது. லிந்துலையிலிருந்து வரும் பஸ் ஃபெக்டரி வளைவோடு திரும்பிவிடும். அங்கிருந்து மேலே ஏறத்தாழ இரண்டு மைல் நடை. மழைக்காலத்தில் கால்மேசுக்குள் எத்தனை அட்டை ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அவர் வரவு இடாப்பைத் திறப்பார். வாகன இறக்குமதி நின்றுபோன பிறகு, ஒரு பழைய சின்னக் காரின் விலையைக் கேட்டாலே ஜெபமாலையைத் தேட வேண்டியிருந்தது. ஆகவே கோழிகள் இறக்கிவிடப்பட்டன. நான்கு பேர் தள்ள, மொறிஸ் மைனர் டீச்சர் வீட்டுத் தகரக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது.

டிசம்பர் விடுமுறை முழுவதும் டீச்சர் காருக்குக் கீழேதான் இருந்தார். யூடியூப்பில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் காரைக் கழற்றுவார். டீச்சர் போனை நிறுத்திவிட்டுத் தானும் கழற்றுவார். கிழவர் பூட்டுவார், டீச்சருக்கு மட்டும் இரண்டு ஆணி மிஞ்சும். அந்த இரண்டையும் எங்கே போடுவதென்று யோசித்தே கார் படித்துக்கொண்டார்.

பழைய டைனமோ தந்த வெளிச்சத்தில் எதிரே வருவது லொறியா மாடா என்று தெரியாது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, மாருதிக் காரின் ஒல்டனேட்டரைப் பூட்டினார். முன் சீட்டுகளும் இருக்கைப் பட்டியும் விபத்தில் நொறுங்கிய ஒரு வேனிலிருந்து வந்தன. மலை மூடுபனியில் கண்ணாடி வேர்த்துவிடுமே, அதற்குப் பழுதான கம்ப்யூட்டரிலிருந்து இரண்டு சின்ன விசிறிகள். சூடான காற்றைக் கொண்டுவர வோஷிங் மெஷினின் தண்ணீர்க் குழாய். நிறம் மட்டும் வீட்டுக் கூரைக்கு அடித்து மிஞ்சிய பச்சை.

அவருடைய கணவர் கிறிஸ்டியன், நகரத்து மருந்துக்கடையில் வேலை செய்பவர், மாலையில் வந்து காரைச் சுற்றி ஒருமுறை நடப்பார்.

"இதுல மொறிஸ் எங்க இருக்கு இசா? மாருதி இருக்கு, வேன் இருக்கு, நம்ம வோஷிங் மெஷின் இருக்கு."

"வெளிய மொறிஸ். உள்ளுக்கு நான்," என்பார் டீச்சர், முகத்தில் கிரீசோடு.

எல்லாம் முடிந்தபோது ஹோர்ன் மட்டும் இருமியது. மலைப்பாதையில் பிரேக் இல்லாமல் போனாலும் ஹோர்ன் இல்லாமல் போக முடியாது. ஒவ்வொரு வளைவிலும் கொழுந்து லொறி காத்திருக்கும். டீச்சர் ஹட்டனுக்குப் போய், பழைய சாமான் கடை ஒன்றில் ஒரு ஹோர்ன் வாங்கிவந்தார். கடைக்காரர் அதை அட்டைப் பெட்டியில் போட்டு, "சத்தம் கேட்டா ஊரே வெளிய வரும் டீச்சர்," என்று உத்தரவாதம் கொடுத்தார். மனுஷன் பொய் சொல்லவில்லை.

பள்ளிக்கூடத் தவணை தொடங்கிய முதல் நாள் காலை ஆறே முக்காலுக்கு மொறிஸ் மைனர் புறப்பட்டது. ஒரே இழுவையில் ஸ்டார்ட் ஆனது. தேவனுக்குத் தோத்திரம் சொல்லிக்கொண்டு டீச்சர் கீழ்ப்பிரிவின் வரிசை வீடுகளான லயங்களின் முதல் வளைவில் ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுதாக ஒடித்தார். அவர் ஹோர்னைத் தொடவேயில்லை. ஹோர்ன் தானாகவே பாடத் தொடங்கியது.

அந்த மெட்டை யார் போட்டார்கள், எந்த நாட்டில் போட்டார்கள் என்பது நமக்கு வேண்டாம். இலங்கையில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பாண் வந்துவிட்டது. பின்னால் கண்ணாடிப் பெட்டி கட்டிய ஓட்டோ, பெட்டிக்குள் பேக்கரிச் சூட்டோடு பாண், முதலை வடிவக் கிம்புலா பனிஸ், மீன் வைத்த மாலு பாண். அது பாடிக்கொண்டு வரும் பாட்டு. ஹட்டன் கடைக்காரர் விற்றது, ஊரில் 'சூன் பாண்' என்று சொல்லும் அந்த ஓட்டோ ஒன்றின் ஹோர்ன்.

முதல் கதவு திறந்தது. மீனம்மா ஒரு கையில் சொப்பிங் பேக்கும் மறு கையில் காசுமாகப் பாதைக்கு இறங்கி வந்து, காரைக் கண்டு நின்றாள்.

"டீச்சரா? பாண் எங்க?"

"பாண் இல்ல மீனம்மா. இது ஹோர்ன்."

"அப்ப பாட்டு?"

"பாட்டுதான் ஹோர்ன்."

மீனம்மா ஜன்னலுக்குள் தலையை விட்டுப் பின் சீட்டை நன்றாகப் பார்த்தாள். புத்தகப் பை மட்டும் இருந்தது. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சம்பளம் பத்தலன்னா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே டீச்சர். நாங்க சங்கத்துல பேசியிருப்போம்."

இரண்டாவது வளைவு பெரட்டுக் களத்தை ஒட்டியது. காலையில் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரித்துக்கொடுக்கும் இடம் அது. அங்கே நின்ற வேலை மேற்பார்வையாளர், கண்டாக்கு செல்லசாமி, கார் கொட்டிலிலிருந்து தள்ளிக்கொண்டு வரப்பட்ட நாளிலிருந்தே டீச்சரைக் காணும்போதெல்லாம், "தள்ளணும்னா சொல்லுங்க டீச்சர், ரெண்டு ஆள் தர்றேன்," என்று கேலி பண்ணுபவர். இப்போது, வரிசைக்கு முன்னால் கொப்பியும் கையுமாக அதட்டிக்கொண்டிருந்தவர், பாட்டைக் கேட்டதும் தன்னையறியாமல் சட்டைப்பையில் கைவிட்டுத் திரும்பி ஓட்டோவைத் தேடினார். மொறிஸ் மைனர் அவரைத் தாண்டிப் போனது.

"கண்டாக்கையா, பாண் முன்னால போகுது, ஓடுங்க," என்றது வரிசையில் ஒரு பெண் குரல். பெரட்டு முழுக்கச் சிரித்தது.

டீச்சரும் சிரித்தார். கண்ணாடியில் அவருடைய முகத்தை அவரே பார்த்தார். எட்டாம் வகுப்புக் குறும்புக்காரப் பிள்ளையின் முகமாக இருந்தது.

ஃபெக்டரி வளைவுக்கு மேலே பாதை கல்லும் குழியுமாக, நிமிர்ந்து ஏறியது. ஓட்டோக்கள் அங்கே ஏறுவதில்லை. மேற்பிரிவின் நாற்பது வீடுகளுக்கும் பாண் பாட்டு என்பது எப்போதும் கீழேயிருந்து காற்றில் வந்து காற்றில் போகிற ஒன்று. அன்றைக்கு முதன்முறையாக அது லயத்து வாசலில் கேட்டது. துணி துவைத்துக்கொண்டிருந்த பூரணி, முழங்கைவரை சவர்க்கார நுரையோடு, இடுப்பில் குழந்தையோடு ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர்.

"நம்ம லயத்துக்கும் பாண் வந்துருச்சா டீச்சர்?"

அந்த முகத்தைப் பார்த்து 'இது ஹோர்ன்' என்று சொல்ல எந்த மனுஷிக்கு வாய் வரும்? மத்தியானச் சாப்பாட்டுக்குக் கட்டிக்கொண்டு வந்த பாணையும் சம்பலையும் எடுத்துப் பூரணியின் கையில் வைத்தார்.

"இன்னைக்கு இதுதான் இருக்கு. நாளைக்குக் கொண்டு வர்றேன்."

வார்த்தை வாயிலிருந்து போய்விட்டது. மறுநாள் நகரத்து பேக்கரியில் பத்துப் பாண் வாங்கிப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் இருபது. வாங்கிய விலைக்கே கொடுத்தார். இதுவரைக்கும் இது ஒரு நல்ல கதை.

இனி வருவதுதான் கொஞ்சம் சங்கடமானது.

இரண்டாம் நாள் மாலையே டீச்சர் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டார். ஸ்டியரிங்குக்குக் கீழே ஹோர்ன் வயரின் தோல் உரிந்திருந்தது. சக்கரத்தை இடப்பக்கம் ஒடித்தால் அது இரும்பில் உரசிப் பாட்டுப் பாடும். இரண்டு சுற்று டேப் ஒட்டினார், நின்றுவிட்டது. மேற்பிரிவுக்குப் போனபின் பொத்தானை அமுக்கிப் பாட்டுப் போட்டால் போதும், கீழ் வளைவுகளில் யாரும் ஏமாறத் தேவையில்லை. இது ஒரு விஞ்ஞான டீச்சருக்குத் தெரியாததல்ல.

ஆனால் மூன்றாம் நாள் காலை கார் சத்தமில்லாமல் பெரட்டுக் களத்தைக் கடந்தபோது செல்லசாமி, "என்ன டீச்சர், தொண்ட கட்டிருச்சா? தள்ளணுமா?" என்று கேட்டார். அவ்வளவுதான். மத்தியானம் திரும்பி வந்ததும் டீச்சர் டேப்பை உரித்துவிட்டார்.

மேல் லயங்களில் பாட்டுப் போட்டது அன்பு. கீழ் வளைவுகளில் பாட்டுப் போட்டது சுத்தக் குறும்பு. இரண்டையும் ஒரே ஹோர்ன் பாடியதால் இரண்டும் ஒன்றுதான் என்று டீச்சர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். நல்ல காரியம் ஒன்று கையில் இருக்கும்போது அதற்குப் பின்னால் சின்னப் பாவம் ஒன்றை ஒளித்துவைப்பது எவ்வளவு சுகம். நாமெல்லாரும் செய்திருக்கிறோம்.

பத்து வாரம் போனது. தவக்காலம் பிறந்து, குருத்து ஞாயிறுக்கு முந்திய சனிக்கிழமை மத்தியானம், டீச்சர் வீட்டு வாசலில் பாண் பாட்டுக் கேட்டது. கொட்டகையில் கார் நின்றது, பாடியது காரல்ல. சுமன் ஓட்டோவை நிறுத்திவிட்டு இறங்கினான். கீழ்ப்பிரிவில் நான்கு வருஷமாகப் பாண் விற்கிறவன். கண்ணாடிப் பெட்டி நிறைய பனிஸ் அப்படியே இருந்தது.

"வாங்க தம்பி, டீ குடிக்கிறீங்களா?" என்றார் டீச்சர்.

"டீ வேணாம் டீச்சர். பாண் வேணுமா? நெறைய இருக்கு. காலையில கொண்டு வந்தது காலையிலயே இருக்கு."

கிறிஸ்டியன் பத்திரிகையை மடித்துவைத்தார்.

"முன்னால நான் பாட்டுப் போட்டா லயமே வெளிய வரும்," என்றான் சுமன். "இப்ப பாட்டுப் போட்டா, 'டீச்சர் பள்ளிக்கூடம் போறாங்க'ன்னு திரும்பிப் படுத்துக்குறாங்க. சாயந்தரம் போட்டா, 'டீச்சர் எங்கயோ கூட்டத்துக்குப் போறாங்க'ன்னு சொல்றாங்க. மீனம்மாக்கா கதவுக்குள்ள இருந்தே கத்துது, 'போயிட்டு வாங்க டீச்சர்'னு. என் மூஞ்சிக்கு நேரா."

கிறிஸ்டியனுக்குச் சிரிப்பு வந்தது, இருமலாக மாற்றிக்கொண்டார்.

"நாளைக்குப் பூசை முடிய ஃபாதர்கிட்ட சொல்லப் போறேன். நான் மாரியம்மன் கோயில் ஆளுதான். ஆனா ஃபாதர் சீனி பனிஸ் எங்கிட்டதான் வாங்குறாரு. கேப்பாரு."

டீச்சருக்கு ஃபாதரின் நிபந்தனை நினைவுக்கு வந்தது. இந்தக் காரால எனக்கு நட்டம் என்று ஒரே ஒரு ஆள். அந்த ஆள் இதோ வாசலில் நிற்கிறான், அவன் சொல்வதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை.

"அது ஹோர்ன்ல கோளாறு தம்பி," என்றார் அவசரமாக. "நான் அமுக்குறது இல்ல. திருப்பினா தானாப் பாடுது."

சுமன் தன் ஓட்டோவைத் தானே பழுது பார்க்கிறவன். நேராகப் போய்க் கார்க் கதவைத் திறந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டான். கொஞ்ச நேரம் கால் மட்டும் வெளியே தெரிந்தது.

"டீச்சர்," என்றது உள்ளேயிருந்து குரல், "வயர்ல டேப் ஒட்டி இருந்திருக்கு. பசை இன்னும் பிசுபிசுன்னு இருக்கு. இத ஒட்டினவங்க கழட்டியும் இருக்காங்க. யாரு?"

கிறிஸ்டியன் தகரக் கூரையில் ஏதாவது ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினார். எலி கடித்திருக்கும் என்று சொல்லலாம். சூட்டில் விழுந்திருக்கும் என்று சொல்லலாம். விஞ்ஞானத்தில் எத்தனையோ காரணம் கிடைக்கும். டீச்சர் ஒரு நிமிஷம் எல்லாவற்றையும் யோசித்தார்.

"நான்தான்," என்றார்.

சுமன் தலையை வெளியே எடுத்தான். "தெரிஞ்சேவா?"

"செல்லசாமி கண்டாக்கு கேலி பண்ணினார். அவருக்காக."

"கண்டாக்கு கேலி பண்ணினதுக்கு என் பாண் ஏன் டீச்சர் காயணும்?"

கடவுள் குறும்பை மன்னிக்கிறவர்தான். ஆனால் முதலில் பாண்காரனிடம் கேட்டுவிட்டு வா என்று சொல்கிறவர். டீச்சர் ஸ்பனரை எடுத்து, பொனட்டைத் திறந்து, நான்கு சுற்றில் ஹோர்னைக் கழற்றி அவன் கையில் கொடுத்தார்.

சுமன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கார்ல இருந்து கழட்டிட்டீங்க டீச்சர். ஆள்கள் காதுல இருந்து யாரு கழட்டுறது?"

டீச்சர் உள்ளே போய், கையைக் கழுவி, வெளியே போகும்போது கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார்.

"நான்தான்," என்றார் மறுபடியும். "ஓட்டோவ எடுங்க. நானும் வர்றேன்."

"எங்க?"

"பாண் விக்க."

கிறிஸ்டியன் எழுந்து நின்றார். "இசா, நீ டீச்சர்."

"அதனாலதான் நம்புவாங்க," என்றார் இசபெல்.

அன்று பின்னேரம் கீழ்ப்பிரிவில் நடந்ததை இன்றைக்கும் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லுகிறார்கள். சுமன் பாட்டைப் போட்டுக்கொண்டு மெதுவாக ஓட்டினான். ஓட்டோவுக்கு முன்னால் இசபெல் டீச்சர் சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு லயம் லயமாகக் கதவைத் தட்டினார்.

"போயிட்டு வாங்க டீச்சர்," என்றது மீனம்மாவின் குரல் உள்ளேயிருந்து.

"மீனம்மா, வெளிய வாங்க. இது நெசப் பாண்."

கதவு ஒரு சாண் திறந்தது. "நீங்கதானே சொல்றீங்க டீச்சர்."

"நான்தான் சொல்றேன். இத்தன நாள் ஏமாத்தினதும் நான்தான். ஹோர்ன கழட்டியாச்சு. இனிமே பாட்டுக் கேட்டா அது சுமன். வேணும்னா தொட்டுப் பாருங்க."

மீனம்மா வெளியே வந்து ஒரு பாணைத் தொட்டுப் பார்த்தாள். அமுக்கியும் பார்த்தாள். பிறகு பக்கத்துக் காம்பறா வீடுகளைப் பார்த்து, "அடியே, டீச்சர் பாண் விக்கிறாங்க, வந்து பாருங்கடி," என்று குரல் கொடுத்தாள். அதற்குப் பிறகு கதவு தட்ட வேண்டியிருக்கவில்லை. பாண் வாங்க வந்தவர்கள் பாதி; டீச்சர் பாண் விற்பதைப் பார்க்க வந்தவர்கள் பாதி. பார்க்க வந்தவர்களும் வெறுங்கையோடு நிற்க வெட்கப்பட்டு ஒவ்வொரு பனிஸ் வாங்கினார்கள்.

பெரட்டுக் களத்து முடக்கில் செல்லசாமி கைகட்டி நின்றார். அவர் முகத்தில் அப்படியொரு திருப்தி.

"என்ன டீச்சர், இதத் தள்ளணுமா?"

டீச்சருக்குச் சூடான பதில் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினார்.

"தள்ள வேணாங்க. வாங்கினாப் போதும்."

செல்லசாமி எதிர்பார்த்தது இதையல்ல. ஒரு கணம் யோசித்து, மூன்று பாண் வாங்கினார். வீட்டில் அவரும் சம்சாரமும் மட்டும்தான்.

ஃபெக்டரி வளைவை அடைந்தபோது கண்ணாடிப் பெட்டியில் மூன்று கிம்புலா பனிஸ் மட்டும் கிடந்தது. சுமன் பாட்டை நிறுத்தாமலே ஓட்டோவைத் திருப்பினான். அவனுடைய முகம் முதன்முறையாக இளகியிருந்தது. அப்போதுதான் மேலே தேயிலைக்குள்ளிருந்து குரல் கேட்டது. குறுக்குப் பாதையில், பூரணி குழந்தையோடு முன்னால் இறங்கி வந்தாள். அவளுக்குப் பின்னால் மேற்பிரிவுப் பெண்கள் வரிசையாக, பேக்கும் கையுமாக.

"சனிக்கிழமையும் கொண்டு வருவீங்கன்னு தெரியாதே டீச்சர்," என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு. "சத்தம் கீழ கேட்டுது. ஓடியாந்தோம்."

சுமன் டீச்சரைத் திரும்பிப் பார்த்தான். "சனிக்கிழமையும்னா? மத்த நாள்ல?"

டீச்சருக்கு முன் பூரணி சொல்லிவிட்டாள். "தெனம் இருபது பாண் டீச்சர்தான் கொண்டு வர்றாங்க தம்பி. வாங்கின வெலைக்கே. பத்து வாரமா எங்க பிள்ளைங்க காலையில பாண் திங்குது."

"யாரு பேக்கரி?" என்றான் சுமன், டீச்சரிடம்.

"டவுன் பேக்கரி."

சுமன் ஓட்டோவை நிறுத்தினான். பாட்டும் நின்றது.

"என் பாட்டு," என்றான் மெதுவாக. "அடுத்தவன் பாண்."

இசபெல் டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். ஒளித்துவைத்த பாவத்துக்குத்தான் இன்று பரிகாரம் செய்ய வந்தார். எல்லோருக்கும் தெரியச் செய்த நன்மையிலும் ஒரு பிழை இருந்தது இப்போதுதான் தெரிந்தது. நாற்பது வீட்டுக்குப் பாண் கொண்டுபோக நினைத்தவருக்கு, நான்கு வருஷமாக மலையடிவாரத்தில் பாண் வைத்துக்கொண்டு நிற்கிறவனிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

"திங்கக்கெழமையில இருந்து உங்க பாண் கொண்டு போறேன் தம்பி," என்றார். "நீங்க இந்த வளைவுல தாங்க. நான் மேல சேர்க்குறேன். எனக்கு ஒன்னும் வேணாம்."

சுமன் மீந்திருந்த மூன்று பனிஸையும் எடுத்துப் பூரணியின் குழந்தை கையில் ஒன்றும், பூரணியிடம் இரண்டுமாகக் கொடுத்தான். காசு நீட்டியபோது வேண்டாம் என்று கையசைத்தான். டீச்சரை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, கழற்றிய ஹோர்னையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். நாளைக்கு ஃபாதரிடம் வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

குருத்து ஞாயிறு பூசையில் டீச்சருக்கு மனம் ஒன்றவில்லை. கையில் குருத்தோலை, கண் மட்டும் பக்கக் கதவில். நற்கருணை வாங்கிவிட்டுத் திரும்பும்போது மதிலுக்கு வெளியே ஓட்டோவின் கண்ணாடிப் பெட்டி மின்னியது. வந்துவிட்டான்.

பூசை முடிந்து முற்றத்துக்கு வந்தபோது, மொறிஸ் மைனருக்குப் பக்கத்தில் ஃபாதர் ஜெரோமி சிவப்பு உடுப்போடு நின்றிருந்தார். அவருக்கு எதிரே சுமன், நெற்றியில் திருநீறும் கக்கத்தில் அட்டைப் பெட்டியுமாக. ஃபாதரின் ஒரு கையில் குருத்தோலை. மறு கையில் போன்.

"டீச்சர், சுமன் ஏதோ முறைப்பாடு வச்சிருக்காராம்," என்றார் ஃபாதர். குரலில் சிரிப்பில்லை. "சொல்லுங்க சுமன்."

"இந்தக் காரால எனக்கு நட்டம் ஃபாதர்," என்றான் சுமன்.

கிறிஸ்டியன் டீச்சரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். டீச்சர் காரைப் பார்த்தார். கூரைப் பச்சையில், அசையாமல், தன் தீர்ப்பைத் தானே கேட்டுக்கொண்டு நிற்பதுபோல நின்றது. டீச்சர் ஒரு எட்டு முன்னால் வந்தார்.

"அவர் சொல்றது சரிதான் ஃபாதர். பிழை என்னுது."

"பொறுங்க டீச்சர், நான் இன்னும் முடிக்கல," என்றான் சுமன். "ஃபாதர், மேப்பிரிவுல நாப்பது வீடு. அவங்களும் பாண் வாங்குவாங்கன்னு நேத்துதான் எனக்கே தெரியும். வீட்டுக்கு ஒன்னுன்னாலும் நாப்பது பாண். இந்தக் கார்ல இருபதுக்கு மேல போகாது. ஏன்? பின்னால இவ்வளவு பெரிய சீட்டு. இடத்த அடச்சுக்கிட்டு, பாணோட ஒரு புத்தகப் பையையும் ஒக்கார வச்சுக்கிட்டு வருது. மீதி இருபது பாண் எனக்கு நட்டமா இல்லையா?"

முற்றத்தில் ஓலையோடு நின்றவர்கள் அருகே வந்துவிட்டார்கள். ஃபாதர் ஜன்னல் வழியாகக் குனிந்து பின் சீட்டைப் பார்த்தார். நிமிர்ந்து சுமனைப் பார்த்தார். பிறகு டீச்சரை, நீண்ட நேரம்.

"நியாயமான முறைப்பாடு," என்றார் கடைசியில். "டீச்சர் என்ன சொல்றீங்க?"

டீச்சருக்குக் கண் கலங்கியிருந்தது, அதோடு சண்டைக்கும் தயாராகிவிட்டார். "அந்த சீட்டுக்கு நானே உறை தைச்சேன் ஃபாதர். மூனு ஞாயித்துக்கெழம."

"பாதி கழட்டலாம்," என்றான் சுமன் இரக்கத்தோடு. "இன்னொன்னு." அட்டைப் பெட்டியைத் திறந்தான்; உள்ளே ஹோர்ன். "இதத் திரும்பப் போடணும். பாட்டு இல்லாம பாண் வந்தா மேல யாருக்குத் தெரியும்? ஆனா வயர நான்தான் இழுப்பேன். சுவிட்ச் பொனட்டுக்குள்ள இருக்கும். ஃபெக்டரி வளைவுல காரை நிப்பாட்டி, எறங்கி, பொனட்ட தூக்கித்தான் போடலாம். கீழ வளைவுக்கெல்லாம் வேற ஹோர்ன். மாடு கத்துற மாதிரி ஒன்னு கொண்டு வந்திருக்கேன்."

"மழையிலயும் எறங்கணுமா?" என்றார் டீச்சர்.

"மழையிலயும்."

"தம்பிக்கு என் மேல நம்பிக்கையே இல்லையா?"

"உங்க மேல நம்பிக்க இருக்கு டீச்சர். கண்டாக்கு மேலதான் இல்ல. அவர் ஏதாச்சும் சொல்லிருவாரு."

சிரிப்பு முற்றத்தைக் கடந்து மதிலுக்கு வெளியேயும் போனது. ஃபாதர் ஜெரோமி போனைப் பார்த்தார். பிறகு அதை அங்கியைத் தூக்கி உள்சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, குருத்தோலையைக் கிறிஸ்டியனிடம் நீட்டினார்.

"கொஞ்சம் பிடிங்க. டீச்சர், பத்தாம் நம்பர் ஸ்பனர் வச்சிருக்கீங்களா?"

"டிக்கியில இருக்கு ஃபாதர்."

"அப்ப நான் எங்க ஒக்கார்றது?" என்றார் கிறிஸ்டியன், இரண்டு கையிலும் ஓலையோடு.

"பாணுக்குப் பக்கத்துல," என்றார் இசபெல், காருக்குள் தலையை விட்டபடி.